செக்யூரிட்டி குரூப்பில் 60 ரூல் நிறைந்துவிட்டது, ஒன்றை அழித்தேன், மூன்றாம் நாள்தான் வேலை நின்றது. ஏன்?

கொட்டகலை_01 எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழுக்கச் சொன்னால்தான் விஷயம் புரியும்.

ஹட்டனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் இருக்கிறேன், மொத்தமே ஆறு பேர். தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுக்கிற சிஸ்டம் செய்து கொடுக்கிறோம். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) டிஜிட்டல் தராசு, பக்கத்தில் ஒரு டெப்லெட். பையைத் தொங்கவிட்டு ஆளின் கார்டைத் தட்டினால் கிலோ பதிவாகும். அது பெக்டரி ஒபிசில் இருக்கிற சின்னப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து எம்கியூடிடி (சின்னக் கருவிகள் தரவு அனுப்பும் முறை) வழியாக 8883 போர்ட்டில் ஏடபிள்யூஎஸ் (அமேசன் கிளவுட்) மும்பாய் ரீஜனில் உள்ள எங்கள் சேர்வருக்குப் போகும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கட்டாருக்குப் போய்விட்டார். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு செக்யூரிட்டி குரூப், அதாவது எந்த ஐபி எந்தப் போர்ட்டில் வரலாம் என்ற ரூல் பட்டியல். வெப் சேர்வர், டேட்டாபேஸ், தராசு சேர்வர் எல்லாவற்றுக்கும் அதையே மாட்டியிருக்கிறார். அவர் வீட்டு இணைப்பின் ஐபி ரூட்டர் ஓஃப் ஆகி ஓன் ஆகும் ஒவ்வொரு முறையும் மாறும், எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும், அவரோ மாறுகிற ஒவ்வொரு ஐபிக்கும் 22 போர்ட்டைத் (எஸ்எஸ்எச், தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் கதவு) திறந்து ஒரு /32 (ஒரே ஒரு ஐபிக்கான) ரூல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பழையதை அழிக்கவே இல்லை. டிஸ்கிரிப்ஷன் கட்டம் எல்லாம் காலி.

போன கிழமை புதிதாக ஒரு பெக்டரியைச் சேர்க்கப் போனால், ரூல் எல்லை தாண்டிவிட்டது என்று கொன்சோல் மறுத்துவிட்டது. சரி, ஒன்றை எடுப்போம் என்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் 8883இல் பெயர் தெரியாத ஒரு /32ஐ அழித்தேன். ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தேன், எல்லாப் பெக்டரியிலிருந்தும் தரவு வந்தது. புதன் வந்தது, வியாழன் வந்தது. வியாழன் இரவு இடி மின்னல், கரண்ட் போனது. வெள்ளி காலை முதல் நிறுவைக்கு ஒரு பெக்டரியிலிருந்து ஒன்றுமே இல்லை. பெரிய கிளாக்கர் போன் எடுத்துப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தாளில் எழுதி நிறுத்திருக்கிறார்கள், அரை கிலோ குறைத்துப் போட்டார்கள் என்று மடுவத்தில் பெரிய வாக்குவாதம்.

மின்னலில் பெட்டி போய்விட்டது என்று நினைத்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பெட்டி நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் அழித்த ரூல் நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் எப்படி ஓடியது? மிச்சம் இருக்கிற 59இல் எது வேண்டும், எது வேண்டாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொடவே பயமாக இருக்கிறது.

-----

பழைய நெட்வேர்க்காரன் எழுதியது:

தம்பி, முதலில் அந்த மூன்று நாள் கதை. செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல், அதாவது யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். ரூலைப் பார்ப்பது கனெக்ஷன் தொடங்கும்போதுதான். நானுஓயாவில் டிக்கெட் பார்த்து உள்ளே விட்ட ஆளைப் பதுளை வரைக்கும் யாரும் திரும்பக் கேட்காத மாதிரி. உங்கள் பெட்டி எம்கியூடிடி கனெக்ஷனை ஒரு முறை திறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. நீ ரூலை அழித்தபோது அது ஏற்கெனவே உள்ளே இருந்தது, அதனால் தொடர்ந்து ஓடியது. கரண்ட் போய்ப் பெட்டி மறுபடி எழும்பிப் புதிதாகக் கேட்டபோதுதான் வாசல் பூட்டியிருந்தது.

ஒன்றும் பேசாமல் சும்மா கிடக்கிற டிசிபி கனெக்ஷனைக்கூட இன்ஸ்டன்ஸ் (கிளவுட் சேர்வர்) வகைகள் பலவற்றில் 432,000 விநாடி வரை, அதாவது முழுசாக 5 நாள், கணக்கில் வைத்திருப்பார்கள். எம்கியூடிடி இடையிடையே கீப் அலைவ் (இருக்கிறேன் என்ற சின்னச் செய்தி) அனுப்புவதால் அந்த 5 நாள்கூடத் தொடங்காது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் நீ இரண்டு மாதம் கழித்துத்தான் மாட்டியிருப்பாய், அப்போது எந்த ரூலை எப்போது அழித்தோம் என்றே நினைவிருக்காது.

இன்னொரு வினோதம். உள்ளே 0.0.0.0/0 (எந்த ஐபியும் வரலாம்), வெளியே எல்லாப் போர்ட்டும் 0.0.0.0/0 என்று திறந்து கிடந்தால் அந்த டிராஃபிக்கைக் கணக்கிலேயே வைப்பதில்லை. அப்படிப்பட்ட ரூலை எடுத்தால் ஓடிக்கொண்டிருப்பதும் அந்த நொடியே அறுந்துவிடும். ஆகவே ரூலுக்கு ரூல் வேறு மாதிரி நடக்கும், ஒன்றில் பார்த்த அனுபவத்தை மற்றதற்கு நம்பாதே.

இனி எதை எடுத்தாலும், எடுத்த கையோடு அந்தப் பக்கத்துப் பெட்டியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யச் சொல். நிறுவை இல்லாத நேரத்தில். அழித்த ஐபி மறந்துபோனால் கிளவுட்ட்ரெயிலில் (ஏடபிள்யூஎஸ்ஸின் மாற்றப் பதிவேடு) போய்ப் பார், 90 நாள் வரைக்கும் யார் எப்போது எந்த ரூலை எடுத்தார்கள் என்று இருக்கும்.

-----

சும்மா வந்தவன் எழுதியது:

இவ்வளவு தலைவலி ஏன் மச்சான்? 60 என்பது டிஃபோல்ட் அளவுதானே, கூட்டித் தரச் சொல்லிக் கேள், தருவார்கள். பழையதைத் தொடாதே, புதியதைப் போடு, வேலை முடிந்தது.

-----

பழைய நெட்வேர்க்காரன் எழுதியது:

தருவார்கள்தான். ஒரு குரூப்பின் ரூல் எண்ணிக்கையை ஒரு இன்டர்ஃபேஸில் (சேர்வரின் நெட்வேர்க் இணைப்பில்) மாட்டக்கூடிய குரூப் எண்ணிக்கையால் பெருக்கினால் 1000ஐத் தாண்டக் கூடாது, அதுதான் கணக்கு. 200 ரூல் என்றால் 5 குரூப், 250 என்றால் 4 குரூப். கேட்டு வாங்கலாம், ஆனால் டிஸ்கிரிப்ஷன் இல்லாத 59 ரூலில் திணறுகிற பையனுக்கு 200 கொடுத்து என்ன செய்ய?

கவ்வாத்து வெட்டாத தேயிலை மலையைப் பார்த்திருப்பாய், மரமாகி நிற்கும், கொழுந்தும் வராது, ஆளும் உள்ளே நுழைய முடியாது.

-----

ஊவா பக்கம் எழுதியது:

நான் பண்டாரவளையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு இதே வேலைதான் பார்க்கிறேன். தம்பி, தராசு நின்றதைவிட எனக்குப் பயமாக இருப்பது அந்த 22 போர்ட் வரிசை. அந்த அண்ணன் விட்டுவிட்டு வந்த ஐபி எல்லாம் இப்போது வேறு வேறு வீடுகளில் இருக்கும். முன்பின் தெரியாத எத்தனையோ வீட்டுக்கு உங்கள் சேர்வரின் எஸ்எஸ்எச் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். போன் ஹொட்ஸ்பொட்டில் இருந்து போட்ட ஐபி ஏதாவது இருந்தால் இன்னும் மோசம், மொபைல் நெட்வேர்க்குகளில் ஒரு வெளி ஐபிக்குப் பின்னால் பல நூறு பேர் இருக்கலாம். உன் ரூட்டரின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்து ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீயும் அப்படிப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறாய், அந்த எண்களை 2012இல் இதற்கென்றே ஒதுக்கி வைத்தார்கள்.

அதனால் 22ஐ மொத்தமாக மூடலாம். செஷன் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, சேர்வரில் உள்ள ஏஜென்ட் (ஒரு சின்ன மென்பொருள்) 443 போர்ட் வழியாக வெளியே போய்ப் பேசும், உள்ளே ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டியதில்லை. அமேசன் லினக்ஸில் ஏஜென்ட் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், இன்ஸ்டன்ஸுக்கு ஐஏஎம் ரோல் (அனுமதித் தொகுப்பு) ஒன்று மாட்ட வேண்டும். முதலில் அதில் லொகின் ஆகிப் பார், இரண்டு மூன்று நாள் அதிலேயே வேலை செய், பிறகு 22ஐ எடு. இந்த வரிசையை மாற்றி நானே ஒரு முறை என்னை வெளியே பூட்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் வெள்ளிக்கிழமை.

மற்ற ரூல்களுக்கு: ஏடபிள்யூஎஸ்ஸில் எந்த ரூல் எத்தனை முறை பயன்பட்டது என்று நேரே காட்டுவதில்லை. கூகிள் கிளவுட்டில் ரூலுக்கு ரூல் லொக் போட்டு எண்ணிக்கை பார்க்கலாம், அஸூரில் ஃப்ளோ லொக்கிலேயே (நெட்வேர்க் போக்குவரத்துப் பதிவு) ரூலின் பெயர் வரும். இங்கே விபிசி ஃப்ளோ லொக்கை ஓன் செய்து, வந்த ஐபி, போர்ட், ஏற்றதா மறுத்ததா என்று எடுத்து நீயே உன் ரூல் பட்டியலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு கிழமை போதாது. தோட்டக் கணக்கு மாதத்துக்கு மாதம் ஓடுவது, 10ஆம் திகதி சம்பளம் முடியும் வரைக்கும் லொக் ஓட வேண்டும்.

பிறகு அழிக்காதே, பிரித்தெடு. தராசுக்கு ஒரு குரூப், வெப்புக்கு ஒரு குரூப், டேட்டாபேஸுக்கு ஒரு குரூப் என்று புதிதாகச் செய்து பழையதோடு கூடவே மாட்டு. ஒன்றுக்கு மேல் மாட்டினால் எல்லா ரூல்களும் சேர்ந்துதான் வேலை செய்யும், அங்கே தடை ரூல் என்று ஒன்று கிடையாது, ஆகவே சேர்ப்பதால் எதுவும் உடையாது. கடைசியில் பழையதைக் கழற்று. அழித்துவிடாமல் கழற்றி மட்டும் வை, தவறினால் ஒரு நிமிடத்தில் திரும்ப மாட்டலாம்.

டேட்டாபேஸின் 3306 போர்ட்டுக்கு ஐபி போடாதே, சோர்ஸ் என்ற இடத்தில் வெப் குரூப்பையே கொடு. ஒரு பொறி மட்டும் இருக்கிறது: அது உள் ஐபியைத்தான் பார்க்கும். உங்கள் எப் (செயலி) டேட்டாபேஸை வெளி ஐபி எண்ணால் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பொருந்தாது, அந்தச் செட்டிங்கை முதலில் பார்.

-----

கொட்டகலை_01 எழுதியது:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஃப்ளோ லொக் ஓன் செய்து 12 நாள் ஆகிறது. 22இல் இருந்த 41 ரூலில் ஒன்றில்கூட நாங்கள் யாரும் வரவில்லை, நான் இப்போது செஷன் மேனேஜரில்தான் இருக்கிறேன். ஆனால் கடைசியாக இருந்த ஒன்று /32 இல்லை, 0.0.0.0/0. மொத்த உலகத்துக்கும் திறந்திருந்தது. லொக்கில் அந்த 22ஐத் தட்டிப் பார்த்த ஐபிகளைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை அன்றே எடுத்துவிட்டேன்.

பெக்டரி ஐபிகளை ஒரு ப்ரிஃபிக்ஸ் லிஸ்டில் (ஐபிகளின் தொகுப்பு) போட்டு ஒரே ரூலாக்கினால் இடம் மிச்சமாகும் என்று உச்ச அளவு 50 என்று பெரிய லிஸ்ட் செய்தேன், ஒரு ரூல்தான் போட்டேன், மறுபடி எல்லை தாண்டியது என்கிறது. உள்ளே இருப்பது 7 ஐபிதான். அப்புறம், எஸ்எஸ்எச்சைத் தட்டிய சில ஐபிகளைத் தடுக்கலாம் என்று நெட்வேர்க் ஏசிஎல்லிலும் (முழு நெட்வேர்க் பகுதிக்குமான வடிகட்டி) கை வைத்தேன், உள்ளே 443, 8883, வெளியே 443 மட்டும் என்று. உடனே வெப்சைட் போய்விட்டது. பயந்து திரும்பப் பழையபடி ஆக்கினேன்.

-----

ஊவா பக்கம் எழுதியது:

லிஸ்டில் எத்தனை ஐபி இருக்கிறது என்று பார்ப்பதில்லை, உச்ச அளவு என்று என்ன எண் கொடுத்தாயோ அத்தனை ரூலாக எண்ணுவார்கள். 50 கொடுத்தால் 50 போய்விட்டது. 10 என்று மாற்று, வேண்டும்போது கூட்டலாம்.

ஏசிஎல்லை இப்போதைக்கு விட்டுவிடு. அது ஸ்டேட்லெஸ், எதையும் நினைவில் வைக்காது, பதில் போகிற வழியையும் நீதான் திறக்க வேண்டும். ஆளின் லெப்டொப் 443க்கு வருகிறது, பதில் திரும்பிப் போவது அந்த லெப்டொப் எடுத்துக்கொண்ட ஏதோ ஒரு உயர்ந்த போர்ட்டுக்கு. வெளியே 1024 முதல் 65535 வரை திறக்காததால் பதில் வாசலிலேயே நின்றுவிட்டது. இன்னொன்று, அங்கே ரூல்களை எண் வரிசையில் சின்னதிலிருந்து பார்க்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். தடுக்கிற ரூல் 200இல், திறக்கிற ரூல் 100இல் என்றால் தடுப்பு சும்மா அலங்காரம். 22 மூடிய பிறகு அந்த ஐபிகளைத் தடுத்து உனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை.

டிஸ்கிரிப்ஷன் எழுது. எந்தப் பெக்டரி, யார் கேட்டது, எப்போது போட்டது.

-----

கொட்டகலை_01 எழுதியது:

டிஸ்கிரிப்ஷனைத் தமிழில் எழுதப் போனேன், ஏற்கவில்லை, ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும்தான் அனுமதி. போனில் மெசேஜ் அடிக்கிற மாதிரி தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வருகிறவர் சிரிக்கட்டும், விளங்கினால் சரி.

பழைய குரூப்பை நேற்று மூன்று சேர்வரிலிருந்தும் கழற்றலாம் என்று இருந்தேன், கழற்றவில்லை. 443இல் ஒரு ஐபி, 25 நாள் லொக்கில் ஒரே ஒரு இரவு மட்டும், 8ஆம் திகதி அதிகாலை 2 மணிக்கு வந்து போயிருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாது. கடைசியில் பெரிய கிளாக்கரிடமே போன் போட்டுக் கேட்டேன் (இப்போது கொஞ்சம் கோபம் ஆறியிருக்கிறார்). கொழும்பு ஹெட் ஒபிஸ் சம்பளக் கணக்குக்கு மாதம் ஒரு தடவை கிலோ விவரத்தை இழுத்துக்கொள்கிறதாம். முதல் கிழமையே அழித்திருந்தால் 10ஆம் திகதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.

அதைப் புதிய குரூப்பில் போட்டுவிட்டேன். பழையதை ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன், அன்று நிறுவை இல்லை. ஏழு பெக்டரிக்கும் சொல்லியாகிவிட்டது, பத்து மணிக்குப் பெட்டியை ஓஃப் செய்து ஓன் செய்யச் சொல்லி.

-----

பழைய நெட்வேர்க்காரன் எழுதியது:

ஒவ்வொன்றாக ஓன் செய்யச் சொல், ஏழையும் ஒரே நேரத்தில் வேண்டாம். போனைச் சார்ஜில் போட்டு வை.