புதுப்பிப்பு: வால்வு ஆம்ப்பின் சடசடப்பு நின்றது

கிட்டாரைச் செருகாமலே, வால்யூமை முழுசாகக் குறைத்தும், என் வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் இயங்கும் கிட்டார் ஒலிபெருக்கி) எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சடசடக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய முன்நிலை வால்வுகளை மாற்றினேன், பலனில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். வால்யூமுக்குப் பின்னால் வரும் இரண்டாவது வால்வைக் கழற்றியதும் சத்தம் அடங்கியது. வால்வோ புதியது. அதனால் சந்தேகம் அதன் பிளேட் ரெசிஸ்டர்மேல் (வால்வின் பிளேட் முனைக்கு உயர் மின்னழுத்தம் போகும் வழியில் உள்ள மின்தடை) போனது: 100 கிலோ ஓம், கார்பன் தூளை அழுத்திச் செய்த பழைய கார்பன் காம்போசிஷன் வகை. மல்டிமீட்டரில் அளவு சரியாகத்தான் காட்டியது. ஆனால் உயர் மின்னழுத்தத்தில்தான் இவை இரையும். மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தேன். இப்போது என்ன அமைதி!

திறப்பவர்கள் கவனிக்க: பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.