புறாத்தீவில் ஸ்நார்க்கலிங்: மிரர்லெஸ் கேமராவை நீர்புகாப் பையில் போட்டு இறக்கலாமா?

முக்குளிப்பான்:
ஆகஸ்டில் இலங்கையின் திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குப் போகிறேன். ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) மட்டும்தான், டைவிங் இல்லை. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் கையில் இருக்கிறது. முகப்பில் தட்டைக் கண்ணாடி, வாயைத் திருகி இறுக்கும் கம்பி என்று ஒரு பிளாஸ்டிக் பை பார்த்து வைத்திருக்கிறேன். 20 மீட்டர் தாங்குமாம். வாங்கலாமா?

கடல்நண்டு:
வேண்டாம். 10 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. அட்டையில் அச்சடித்துவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்கிவிடுமா? ஒரு ஸ்பூன் உப்புத்தண்ணீர் போதும், கேமராவின் சர்க்யூட் போர்டு காலி. 15 மீட்டர் வரை அப்படியே இறக்கக்கூடிய ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா அல்லது 10 மீட்டர் தாங்கும் கோப்ரோ கேமரா வாடகைக்கு எடுங்கள்.

திருமலையான்:
நண்டு அண்ணை, அந்த அழுத்தக் கணக்கு பைக்குப் பொருந்தாது. கெட்டியான ஹவுசிங்குக்குள்ளே (கமராவுக்கான கடினப் பெட்டி) கரையில் பூட்டின காற்று அப்படியே நிற்கும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள முழு அழுத்த வித்தியாசத்தையும் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் தாங்கவேணும். பை அப்படியில்லை. வெளியே அழுத்தம் கூடக் கூடப் பையும் சுருங்கி, உள்காற்றும் அதே அழுத்தத்துக்கு வந்திடும். காற்று மிச்சமிருக்கும் வரைக்கும் வாய்ப்பக்கத்தில் பெரிய தள்ளுமுள்ளு இல்லை. பை ஒழுகிறது அநேகமாக ஆழத்தால் இல்லை: வாயில் மாட்டின தலைமுடி, மணல், கமராப் பட்டியின் நுனி. இல்லாட்டி மடிச்சு வைச்ச இடத்தில் விழுந்த வெடிப்பு. பையை ஒருநாளும் மடிச்சு வைக்காதேங்கோ.

கடல்நண்டு:
"காற்று மிச்சமிருக்கும் வரை" என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். காற்றை விட்டுவைத்தால் பை மிதக்கும். 1 லிட்டர் காற்று கிட்டத்தட்ட 1 கிலோவைத் தூக்கும். காற்றை எடுத்துவிட்டால் பை கேமராவோடு ஒட்டி, பட்டன்களைத் தானே அமுக்கும், ஜூம் வளையம் திரும்பாது. 3 மீட்டர் முங்கினாலே காற்று முக்கால் பங்காகிவிடும். முதல்முறை போகிறவர் மூச்சைப் பிடிப்பாரா, இதையெல்லாம் பார்ப்பாரா?

எஃப்எட்டு:
ஜூமை எதற்குத் திருப்ப வேண்டும்? கரையிலேயே 18-இல் வைத்துவிட்டு அதோடு விடுங்கள். ஹூட், யூவி ஃபில்டர் இரண்டையும் கழற்றி, லென்ஸ் முகப்புக் கண்ணாடியை ஒட்டி நிற்கும்படி பைக்குள் பொருத்துங்கள். பின்னால் தள்ளி நின்றால் மூலைகள் கறுக்கும். தட்டைக் கண்ணாடி வழியாக நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் 18 ஏறக்குறைய 24 போலத்தான் பார்க்கும். பலர் ஏமாறுவது இதில்தான், ஒழுகலில் அல்ல.

ஷட்டர் 1/250 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) உச்சவரம்பு 1600, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்). ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்பும், நீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழும். ஆழத்தில் நீர் விழுங்கும் சிவப்பை ஈடுகட்டப் போடும் சிவப்பு ஃபில்டரும் வேண்டாம். 1-2 மீட்டரில் சிவப்பு போதுமான அளவு இருக்கிறது, ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்பதுதான் மிச்சம். மீனிடமிருந்து 1 மீட்டருக்குள் இருந்து எடுங்கள், அதற்கு மேல் போனால் நீரின் மங்கல்தான் பதியும். கறுப்புமுனைச் சுறாவைத் துரத்தினால் வால்தான் கிடைக்கும், காத்திருங்கள்.

கடல்நண்டு:
எல்லாம் சரி, பை ஒழுகாது என்று எப்படித் தெரியும்? வாளியில் அமுக்கிப் பார்ப்பது 30 செ.மீ. சோதனை. அது எதையும் நிரூபிக்காது.

திருமலையான்:
ஆழத்தை நிரூபிக்க இல்லை, ஓட்டையைக் காட்டத்தான். கமரா எடைக்கு ஒரு கல்லைத் துணியில் சுற்றி, டிஷ்யூவோடு பைக்குள் போட்டுப் பூட்டுங்கோ. 30 நிமிடம் தண்ணிக்குள்ளே அமுக்கி, கையால் பிசைஞ்சு முறுக்குங்கோ. வாய்ப்பக்கம் குமிழி வந்தால் திருப்பி இறுக்கிப் பாருங்கோ, தையலில் வந்தால் பையை எறியுங்கோ. தீவுக்குப் போற அன்றைக்குக் காலமையும் ஒருக்கால் செய்யவேணும்.

காற்றுக்கு: ஷட்டர் பட்டனை அமுக்க இடம் இருக்கிற அளவுக்கு மட்டும் விட்டுப் பூட்டுங்கோ. மிதந்தால் ஈயத்துண்டைப் பைக்கு வெளியே தொங்க விடுங்கோ, உள்ளே போட்டால் பிளாஸ்டிக்கை உரசும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, படத்துக்காகப் பவளத்தில் கால் ஊன்றக் கூடாது.

கடல்நண்டு:
அப்படியானால் முங்கவே வேண்டாம், மேல்மட்டத்தில் மிதந்தபடி கையை நீட்டி மட்டும் எடுங்கள். 20 மீட்டர் என்ற எழுத்தை நான் இன்னும் நம்பவில்லை.

முக்குளிப்பான்:
உள்ளே ஆவி படியாதா?

எஃப்எட்டு:
ஈரக்காற்றோடு பூட்டினால் படியும். ஏசி அறையில் பூட்டுங்கள், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பிடிமானப் பக்கம் டேப்பால் ஒட்டுங்கள். சும்மா போட்டால் ஒன்று லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். கடற்கரையில் திறக்காதீர்கள். திரும்பியதும் பூட்டியபடியே நல்ல தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வாயைத் துடைத்து, கீழ்நோக்கிப் பிடித்துத் திறங்கள். கம்பியின் இடுக்கில் தேங்கிய சொட்டு கேமரா மேல் விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.