நம்ம குடும்பம் குரூப்: பேய் கேம் விஷயம்

ராஜி அத்தை: (பல முறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது) அவசரம் அவசரம்!! பேய் கேம் விளையாடும் குழந்தைகளிடம் நள்ளிரவு 3 மணிக்கு ஒரு பொம்மை பேசுகிறது. சொன்னதைச் செய்யாவிட்டால் அம்மா அப்பாவைக் கொன்றுவிடுவேன் என்கிறது. உடனே 10 பேருக்கு அனுப்பவும்

பாலு சித்தப்பா: அய்யோ

பாலு சித்தப்பா: இப்பவே தருண் போனை வாங்கி வைக்கிறேன்

தருண்: அப்பா நான் படிச்சிட்டு இருக்கேன்

பாலு சித்தப்பா: படிக்கிறவன் எப்படி ரிப்ளை பண்ற

செந்தில்: அத்தை, இதை வேற யாருக்கும் அனுப்பாதீங்க. 2018ல மோமோன்னு ஒண்ணு சுத்துச்சே, முழி பிதுங்கின முகம், அதே கதைதான் இதுவும். அந்த முகம் கெய்சுகே ஐசோன்னு ஒரு ஜப்பான் கலைஞர் 2016ல கண்காட்சிக்காக செஞ்ச சிலை. 2019 பிப்ரவரியில பிரிட்டன்ல பெத்தவங்க எல்லாம் கதிகலங்கிப் போனாங்க. அதனால பிள்ளைங்களுக்கு எதுவும் ஆனதுக்கு ஆதாரமே இல்லன்னு அங்க இருக்கிற குழந்தைகள் நல அமைப்புகளே சொல்ல வேண்டியதாச்சு. பெரியவங்க பயத்துல அனுப்பி அனுப்பித்தான் அந்த மூஞ்சி பிள்ளைங்க வரைக்கும் போச்சு.

சுதா: அம்மா ஏற்கெனவே அவங்க பழைய ஸ்கூல் குரூப்ல போட்டாச்சு

ராஜி அத்தை: நல்லதுக்குத்தானே போட்டேன்

ராஜி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா: அம்மா நீ இங்க அழிச்சிருக்க. அங்க அப்படியே இருக்கு

கவிதா: அத்தை தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா என் பையன் நித்தின் நிஜமாவே பயந்துதான் போயிருக்கான். பாத்ரூம் கதவைத் திறந்து வச்சுக்கிட்டுதான் குளிக்கிறான். படுக்கப் போறதுக்கு முன்னாடி அலமாரிக் கதவை இழுத்து இழுத்துப் பாக்கிறான்

பாலு சித்தப்பா: வெளிய ஓடியாடி விளையாட விடணும். அண்ணன் உங்க ரெண்டு பேரையும் அப்படித்தான் வளர்த்தாரு

சுதா: பெரிய மாமா வளர்த்தாரு சரி. நீங்க தருணை?

பாலு சித்தப்பா: அது வேற

செந்தில்: கவி, திடீர்னு ஒரு மூஞ்சி பாயும்ல, அதுல பாதி பயம் சத்தத்துலதான் இருக்கு. ஹெட்போன் மாட்டிக்கிட்டு இருட்டுல ஆடினா பெரியவங்களுக்கே நெஞ்சு அடிச்சுக்கும். ஹெட்போனை எடுத்துடு, சத்தத்தைக் குறை, லைட் போட்டு ஹால்ல உக்காந்து ஆடட்டும். தூங்கப் போற நேரத்துல வேண்டவே வேண்டாம். பயமா இருக்குன்னா "ஆம்பளப் புள்ள"ன்னு ஆரம்பிக்காதீங்க யாரும். பகல்ல அவனையே திறந்து காட்டச் சொல்லு, அந்தப் பொம்மை எங்கேருந்து வருது, எப்ப வருதுன்னு. நமக்குச் சொல்லித் தரும்போது பிள்ளைக்குப் பாதி பயம் தெளிஞ்சிடும். வயசு அடையாளமும் பாரு. டெட் பை டேலைட் மாதிரி பேய் கேம் எல்லாம் 18 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கும், சின்னதுங்க ஆடிட்டு இருக்கும்

பாலு சித்தப்பா: தருண் அது ஆடுறான்

தருண்: எனக்கு 18 ஆகப் போகுது

சுதா: பாலு மாமா, போன தடவை வந்தப்போ என் சார்ஜரை அங்க விட்டுட்டேன். தேடினீங்களா?

பாலு சித்தப்பா: எந்த சார்ஜர்

தருண்: கவிதாக்கா, ஒண்ணு சொல்லணும். நித்தின் பயப்படுறது பேய்க்கு மட்டும் இல்ல. கேம்ல ஒருத்தன் இவன்கூட ஜோடி சேர்ந்து ஆடுறானாம். ஸ்கின் (கேம்ல ஆளுக்குப் போடுற டிரெஸ்) எல்லாம் கிஃப்ட் பண்ணியிருக்கான். இப்ப வேற ஆப்புக்கு வா, உன் ரூமைக் காட்டுன்னு கேக்கிறானாம்

கவிதா: என்ன

கவிதா: எப்ப சொன்னான் உன்கிட்ட

தருண்: நேத்து. உங்களுக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிடுவீங்கன்னு அழுதான்

ராஜி அத்தை: முருகா

செந்தில்: கவி, திட்டாத. கை நீட்டாத. "நீ சொன்னதுக்காக போனைப் பிடுங்க மாட்டேன்"னு முதல் வார்த்தையா சொல்லு. அப்புறம்தான் மத்ததெல்லாம். அந்த ஆளோட ஐடி, மெசேஜ், தேதி எல்லாம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு. கேம்லயே ரிப்போர்ட் பண்ணு. பிளாக் கடைசியில, இல்லன்னா சில இடத்துல சாட் மறைஞ்சிடும். எதையும் டெலிட் பண்ணாத. போட்டோ போயிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ இன்னிக்கே சைபர் போலீஸ்ல சொல்லணும், நான் வர்றேன்

கவிதா: பாத்துட்டேன் அண்ணா. போட்டோ எதுவும் போகல

கவிதா: "அம்மா தூங்கிட்டாங்களா"ன்னு கேட்டிருக்கான். இவன் "ம்"னு போட்டிருக்கான்

சுதா: கடவுளே

செந்தில்: நித்தின் அக்கவுண்ட்ல பிறந்த வருஷம் என்ன இருக்கு பாரு

கவிதா: 1974

சுதா: 1974ஆ??

தருண்: அப்பா

பாலு சித்தப்பா: அன்னிக்கு எல்லாரும் பேசிட்டு இருந்தீங்க, பிள்ளை அழுதுட்டே இருந்தான். வயசு கம்மியா போட்டா உள்ள விட மாட்டேன்னுச்சு

கவிதா: சித்தப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

பாலு சித்தப்பா: நான்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லிடுங்க

செந்தில்: சண்டை அப்புறம். வயசைக் கூட்டிப் போட்டா, சின்னப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற பூட்டெல்லாம் விழாது. சாட் திறந்து கிடக்கும். சரியான வயசுல புது அக்கவுண்ட், அதுல வாய்ஸ் சாட்டும் மெசேஜும் ஆஃப், தெரிஞ்சவங்க மட்டும் ஃப்ரெண்ட்

சுதா: யாழினி ரோப்ளாக்ஸ்னு நிறைய கேம் இருக்கிற ஆப்புல டோர்ஸ்ங்கிற பேய் கேம் ஆடுறா. அவளுக்கு 8. விடலாமா?

செந்தில்: ஒவ்வொரு கேம் பக்கத்துலயும் பயம், வன்முறை எவ்வளவுன்னு மினிமல் (ரொம்பக் கம்மி), மைல்ட் (கம்மி), மாடரேட் (நடுத்தரம்)னு ஒரு அளவு போட்டிருக்கும், அதைப் பாருங்க. 2024 நவம்பர்ல அவங்க கொண்டு வந்த முறைப்படி, 9 வயசுக்குக் கீழ மாடரேட் கேமுக்குப் பெத்தவங்க அனுமதி வேணும்னு வச்சாங்க. 13க்குக் கீழ கேமுக்கு வெளிய நேரடி மெசேஜ் கிடையாதுன்னும் வச்சாங்க. உங்க அக்கவுண்டை அவளோடதுகூட இணைச்சுக்குங்க. ஆனா முதல்ல

சுதா: பிறந்த வருஷம். பாத்துட்டு வர்றேன்

ராஜி அத்தை: இனிமே எல்லாரும் சேர்ற அன்னிக்கு பிள்ளைங்க போனெல்லாம் என்கிட்ட குடுத்துடணும்

தருண்: எனக்குமா

பாலு சித்தப்பா: உனக்கும்தான்

கவிதா: ரிப்போர்ட் பண்ணிட்டேன். மடியில படுத்துக்கிட்டு இருக்கான். ராத்திரி போன் இனிமே என் ரூம்லதான், அது முடிவு. கேமை மொத்தமா நிறுத்துறதா வேண்டாமான்னு இவரு வந்ததும் பேசணும்

செந்தில்: மொத்தமா நிறுத்தினா அடுத்த தடவை தருண்கிட்டகூட சொல்ல மாட்டான்

கவிதா: தெரியுது அண்ணா. இவருக்கு யாரு சொல்றது

கவிதா: தருண் மாமாகூட மட்டும் ஆடட்டுமான்னு கேக்கிறான்

தருண்: நான் ரெடி. லேப்டாப் அப்பாகிட்ட இருக்கு

பாலு சித்தப்பா: பரீட்சை முடியட்டும் பாக்கலாம்

சுதா: என் சார்ஜரும் அப்பத்தானா?