பி.காம். படித்தவர் ஹாம் ரேடியோ தேர்வு எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம், படித்தது பி.காம்., உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அதே வெள்ளம்தான். கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவரும் படுத்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா குடும்பம் என்ன ஆனது என்று தெரியாமல் நாங்கள் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. அப்போதிருந்தே ஹாம் ரேடியோ, அதாவது டவர் எதுவும் இல்லாமல் சொந்த வயர்லெஸ் செட்டிலேயே பேசுகிற பொழுதுபோக்கு, அதற்கு லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் சந்தேகங்கள் இவைதான். எலக்ட்ரானிக்ஸ் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, பிளஸ் டூவில்கூட இயற்பியல் கிடையாது, என்னால் பாஸ் பண்ண முடியுமா? ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு சொல்கிறார்கள், எதற்குப் போவது? எட்டாவது படிக்கும் என் மகளும் எழுதுகிறேன் என்கிறாள், 13 வயதில் அனுமதி உண்டா? அமெரிக்கத் தேர்வுக்கான கேள்வி ஆப் ஒன்று போனில் இருக்கிறது, அதை வைத்துப் படித்தால் போதுமா? ஆன்லைனில் வாக்கி டாக்கி மலிவாகக் கிடைக்கிறது, இப்போதே ஒன்று வாங்கிப் பழகலாமா?

விவரம் தெரிந்த அண்ணாச்சிகள், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

கோவை_டைபோல்:

வாங்க வாங்க. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் வம்பு இருக்கிறது. இப்போது வாங்காதீர்கள். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அந்த மாதிரி செட்டில் பேசுவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம்.

அப்புறம், நீங்கள் நினைக்கும் வேலைக்கு அந்த 5 வாட் கைக்கருவி அவ்வளவாக உதவவும் உதவாது. வீடும் மரமும் நிறைந்த ஊரில், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) இல்லாமல், சில கிலோமீட்டர் தாண்டினாலே திணறும். வெள்ளத்தில் ரிப்பீட்டருக்கும் கரண்ட் போயிருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது 40 மீட்டர் பேண்ட்தான், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். 143ஐ 7.1ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 20 மீட்டர் வரும். அவ்வளவு நீளச் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக இரண்டு தென்னை மரங்களுக்கு இடையில் கட்டி, நடுவில் கோஆக்ஸ் கேபிள் (டிவி கேபிள் மாதிரியான வயர்) இறக்கி, 12 வோல்ட் கார் பேட்டரியில் செட்டை ஓட்டினால் பகலில் சில நூறு கிலோமீட்டர் தாராளமாகப் பேசலாம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மதுரை, திருச்சி, கோவை எல்லாம் எட்டும். இடையில் ஒரு டவரும் வேண்டாம். கம்பியைக் கொஞ்சம் தாழ்வாகக் கட்டினாலும் பலம் குறையுமே தவிர வேலை செய்யும்.

படிப்புக்கு வருவோம். பி.காம். ஒரு தடையே இல்லை. தேர்வுக்கு வரும் கணக்கு ஓம் விதி, மின்தடைகளைத் தொடராகவும் பக்கமாகவும் இணைப்பது, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அலைநீளத்துக்கு 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுப்பது, இந்த அளவுதான். தினமும் கணக்கு எழுதும் கைக்கு இது என்ன பெரிய விஷயம்? கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வி பதிலை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் கவிழ்ந்துவிடுகிறார்கள். சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவரின் (வரும் சிக்னலை ஒரு நிலையான இடைநிலை அலைவரிசைக்கு மாற்றிக் கேட்கும் ரிசீவர்) கட்டப் படத்தை, ஆன்டெனாவிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு கட்டமும் என்ன செய்கிறது என்று சொல்லிச் சொல்லி வரைந்து பழகுங்கள். அலையியற்றி (ஆசிலேட்டர்), மிக்சர், பெருக்கி, வடிகட்டி, டிடெக்டர் எல்லாமே அந்த ஒரே படத்துக்குள் வந்துவிடுகின்றன, பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: கேளுங்கள். கேட்பதற்குச் செட் எதுவும் வேண்டாம், வெப்எஸ்டிஆர், கிவிஎஸ்டிஆர் என்று தேடினால் உலகம் முழுக்க மற்றவர்கள் வைத்திருக்கும் ரிசீவர்களை உங்கள் பிரவுசரிலேயே திருகலாம். இந்தியாவில் உள்ள ஒன்றைப் பிடித்து 7.000 முதல் 7.200க்குள், எல்எஸ்பி என்ற குரல் மோடில் வைத்து, காலையில் கேட்டுப் பாருங்கள். யார் எப்படிக் கூப்பிடுகிறார், கால்சைன் (அரசு தரும் அழைப்புக் குறி) எப்படிச் சொல்கிறார், சிக்னல் எப்படி ஏறி இறங்குகிறது என்று காதில் விழுந்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் அது வேறு மாதிரி இருக்கும்.

டிடா_ராமநாதபுரம்:

நான் சொல்வது, நேரே ஜெனரலுக்குப் போங்கள். இரண்டுக்கும் எழுத்துத் தேர்வின் பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஜெனரலுக்குக் கூடுதலாக மோர்ஸ், அதாவது புள்ளி, கோடு ஓசையில் எழுத்தை அனுப்பும் குறியீடு. பலன் பெரிது: ரெஸ்ட்ரிக்டடில் 50 வாட் என்றால் ஜெனரலில் 400 வாட், கால்சைனும் வியூ3க்குப் பதில் வியூ2 என்று தொடங்கும்.

மோர்ஸ் என்றதும் பயந்து ஓடுகிறவர்கள் அதிகம். கேட்கும் வேகம் நிமிடத்துக்கு 8 சொல், ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து என்ற கணக்கில் நிமிடத்துக்கு 40 எழுத்து. முன்பு 12 சொல்லாக இருந்ததைக் குறைத்திருக்கிறார்கள். தயவுசெய்து புள்ளி, கோடு போட்ட அட்டவணையைப் பார்த்துப் படிக்காதீர்கள். கண்ணால் படித்தவர் காதில் கேட்டதும் மனதுக்குள் புள்ளி கோடு எண்ணிக்கொண்டிருப்பார், அதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். 'கே' என்றால் டாடிடா, 'ஆர்' என்றால் டிடாடிட், இப்படி ஓசையாகவே ஏற வேண்டும். எழுத்தை வேகமாக, நிமிடத்துக்கு 15 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் மட்டும் நிறைய இடைவெளி விட்டுப் பழகினால் எண்ணும் பழக்கமே வராது. எல்சிடபிள்யூஓ என்ற இலவசத் தளத்தில் இந்த முறையிலேயே, 'கே', 'எம்' இரண்டில் தொடங்கி ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். 'எல்' டிடாடிடிட், 'எஃப்' டிடிடாடிட், இந்த ஜோடி எல்லோரையும் குழப்பும். 'பி' (B) எழுத்தும் 6 எண்ணும் அப்படித்தான், கடைசியில் ஒரு 'டிட்' கூடுதல், அவ்வளவே வித்தியாசம்.

பரீட்சையில் ஓர் எழுத்து தவறிவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். விட்டதை யோசிக்கப் போனால் பின்னால் நாலைந்து போய்விடும். அனுப்புவதற்குச் சாதாரண ஸ்ட்ரெயிட் கீ (மேலும் கீழும் அழுத்தும் தந்திக் கட்டை) போதும், விரலால் தட்டாமல் மணிக்கட்டை அசைத்து அழுத்துங்கள், ஐந்து நிமிடம் தொடர்ந்து அனுப்பினாலும் கை வலிக்காது.

வெள்ளம், புயல் என்று நினைப்பவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரல் இரைச்சலில் மூழ்கிப்போன பிறகும் மோர்ஸ் காதில் விழும். 5 வாட்டில், குரலில் எட்டாத இடத்தை மோர்ஸில் எட்டலாம்.

அடையாறு_அலைவரிசை:

ராமநாதபுரம் அண்ணா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மோர்ஸ் அருமையான விஷயம், நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவரிடம், அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவரிடம், முதலிலேயே ஜெனரல் என்று சொல்வது சரியில்லை. மோர்ஸ் வரட்டும் வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் விண்ணப்பமே போடாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ரெஸ்ட்ரிக்டட் என்றால் வெறும் விஎச்எஃப் (வாக்கி டாக்கி மாதிரி குறைந்த தூரத்துக்கான அலைவரிசைகள்) என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, இப்போது அதிலேயே 7 மெகாஹெர்ட்ஸில் பேசலாம். கோவை அண்ணா சொன்ன தென்னை மரத்து டைபோலுக்கு (நடுவில் வெட்டிய அந்தக் கம்பி ஆன்டெனாவுக்கு) 50 வாட் தாராளம். எடுத்துவிட்டு, ஆட்களோடு பேசிக்கொண்டே, மோர்ஸ் பழகி ஜெனரல் எழுதுங்கள்.

தாளில் இரண்டு பகுதி, ரேடியோ தியரிக்கு 50, விதிமுறைகளுக்கு 50 மதிப்பெண். ரெஸ்ட்ரிக்டடுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஜெனரலுக்கு 50, 55. தியரியை விழுந்து விழுந்து படித்துவிட்டு விதிமுறைகளை முந்தின நாள் ராத்திரி புரட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள், மொத்த மதிப்பெண் அங்கேதான் இடிக்கிறது. உங்களைப் போல அறிவியல் படிக்காதவர்களுக்கு மதிப்பெண் அள்ள வேண்டிய பகுதியே அதுதான். கியூ குறியீடுகளில் (க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்) கியூஆர்எம் என்றால் மற்ற நிலையங்களால் வரும் இடையூறு, கியூஆர்என் என்றால் இடி மின்னல் மாதிரி இயற்கை இரைச்சல். கியூஆர்பி ஆற்றலைக் குறைப்பது, கியூஆர்ஓ கூட்டுவது. இந்த மாதிரி ஜோடிகளில்தான் கேள்வி வரும். எமிஷன் குறிகளில் (எந்த வகை ஒலிபரப்பு என்று காட்டும் குறிகள்) ஏ1ஏ மோர்ஸ், ஜே3ஈ எஸ்எஸ்பி குரல், எஃப்3ஈ எஃப்எம் குரல். ஆபத்து அழைப்புக்குக் குரலில் மேடே, மோர்ஸில் எஸ்ஓஎஸ். வியாபாரச் செய்தி, பாட்டு ஒலிபரப்பு, ரகசியக் குறியீடு இவற்றுக்கெல்லாம் அனுமதி இல்லை.

அமெரிக்க ஆப் பற்றிக் கேட்டீர்களே. தியரிக்கு ஓரளவு பயன்படும், விதிமுறைகளுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பிரிவில் அவர்கள் மண்டலம் 2, நாம் மண்டலம் 3. அவர்களுக்கு 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை, நமக்கு 146டன் முடிந்துவிடும். 40 மீட்டரில் அவர்கள் 7.300 வரை போகலாம், நாம் 7.200 வரைதான். அவர்கள் பட்டியலை மனதில் ஏற்றிக்கொண்டு நம் தாளை எழுதினால் மதிப்பெண் போகும், பிறகு அதே நினைப்பில் செட்டைத் திருகினால் விதிமீறலும் ஆகிவிடும்.

மகளுக்குத் தடையில்லை, குறைந்தபட்ச வயது 12. கட்டாயம் அழைத்து வாருங்கள். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது அந்தமானிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி கொடுத்துக்கொண்டிருந்தவர் பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம். போர்ட் பிளேருக்கு ஹாம் நிலையம் இயக்கப் போயிருந்தவர், அந்தச் செட்டையே அப்படியே மீட்புப் பணிக்குத் திருப்பிவிட்டார். அவரைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. வாக்கி டாக்கி ஆசையை விட்டாச்சு. ரெஸ்ட்ரிக்டட் முதலில் என்று முடிவு செய்துவிட்டேன், மோர்ஸை மட்டும் மகளோடு சேர்ந்து இப்போதே தொடங்கிவிடுகிறேன், அவள் அதற்குள் 'டாடிடா' என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நேற்று காலை கிவிஎஸ்டிஆரில் கேட்டோம், மதுரைக்காரர் ஒருவரும் பெங்களூர்க்காரர் ஒருவரும் ஆன்டெனா பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

கோவை அண்ணாச்சி, நீங்கள் சொன்ன கட்டப் படம் மிக்சர் வரை புரிகிறது. பிம்ப அலைவரிசை என்று ஒன்று வருகிறதே, அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அப்புறம், விண்ணப்பம் எங்கே போடுவது?

கோவை_டைபோல்:

எண் போட்டுப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். நீங்கள் கேட்க நினைப்பது 7100 கிலோஹெர்ட்ஸ். ரிசீவரின் இடைநிலை அலைவரிசை 455. அப்படியானால் உள்ளே இருக்கும் அலையியற்றி 7555ல் ஓட வேண்டும், ஏனென்றால் 7555இலிருந்து 7100ஐக் கழித்தால் 455. இப்போது 8010ல் வேறு யாரோ பலமாக ஒலிபரப்புகிறார் என்று வையுங்கள். 8010இலிருந்து 7555ஐக் கழித்தாலும் அதே 455தான்! மிக்சருக்கு வித்தியாசம் மட்டும்தான் தெரியும், எது மேலே எது கீழே என்று தெரியாது, இரண்டையும் உள்ளே விட்டுவிடும். அந்த 8010தான் பிம்பம். நீங்கள் கேட்பதற்கும் அதற்கும் இடைவெளி எப்போதும் 455ஐப் போல இரண்டு மடங்கு, 910. இதைத் தடுக்க மிக்சருக்கு முன்பே 7100ஐ மட்டும் விடுகிற மாதிரி ஒத்திசைவுச் சுற்று வைப்பார்கள், அல்லது இடைநிலை அலைவரிசையையே உயர்த்திப் பிம்பத்தைத் தூரமாகத் தள்ளிவிடுவார்கள். பரீட்சையில் எண்ணை மாற்றிக் கேட்டாலும் இதே வழிதான். வேறு எண்களை வைத்து மகளுக்கு நீங்களே ஒருமுறை சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்.

அடையாறு_அலைவரிசை:

விண்ணப்பம் சரல் சஞ்சார் போர்ட்டலில். நடத்துவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி என்ற வயர்லெஸ் பிரிவு. நான் எழுதியது சென்னை பெருங்குடியில் உள்ள கண்காணிப்பு நிலையத்தில். உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம், மையம் தேர்வு செய்யும்போது அது காட்டுகிறதா என்று பாருங்கள். மகளுக்குத் தனி விண்ணப்பம், வயதுச் சான்று தயாராக இருக்கட்டும். தேர்வுக் கட்டணம் நான் கட்டியபோது 100 ரூபாய், லைசென்ஸ் 20 ஆண்டுக்கு 1000, ஆயுளுக்கு 2000. பணம் கட்டும் முன் இப்போது என்ன தொகை என்று போர்ட்டலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ் செய்ததும் வருவது ஏஎஸ்ஓசி என்ற சான்றிதழ் மட்டும்தான், அதை வைத்துக்கொண்டு பேச முடியாது. அதற்குப் பிறகு நிலைய லைசென்ஸுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கால்சைன் அதில்தான் வரும். செட் வாங்குவது அதற்கும் அப்புறம்.

லாக் புத்தகம் எழுதுவதை இப்போதே, கேட்கும்போதே, பழகிவிடுங்கள். தேதி, நேரம், அலைவரிசை, கால்சைன், எந்த மோட் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினால் போதும். நேரத்தை மட்டும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். 15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குக் கேட்டது நோட்டில் 14ஆம் தேதி 20:30 என்று ஏறும், தேதி மாறுவதைப் பலரும் கவனிக்க மாட்டார்கள், தேர்விலும் இதைக் கேட்க வாய்ப்பு உண்டு.