மும்பையில் வந்து ஒட்டிய சர்நேமை வைத்துப் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

தாராவிப் பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது தாராவி, இப்போது சயான் பக்கம் இருக்கிறோம். எங்கள் பூட்டன் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து தோல் பதனிடுகிற வேலைக்கு இங்கே வந்தவர், அதுவரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஊர் என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆதார், பான் எல்லாவற்றிலும் என் சர்நேம் சுடலைமுத்து. பெரியப்பா பிள்ளைகளுக்குப் புதுக்குடி. சித்தப்பா வீட்டில் இரண்டும் இல்லை, தாத்தா பெயரையே போட்டிருக்கிறார்கள். சர்நேமை வைத்துப் பூர்வீகம் சொல்கிறோம் என்கிற வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன், ‘தென்னிந்தியா’ என்று வந்தது, அது எனக்கே தெரியுமே! ஆச்சி இருந்தவரைக்கும் ‘சுனைக்குப் போய்ப் பொங்கல் வைக்கணும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் கூட்டிப் போகவில்லை. அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. என் மகளுக்குக் குலதெய்வம் எது என்றாவது தெரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஆண்டாப்ஹில் வாசி:
அந்த வெப்சைட்டை விடுங்கள். நம்மவர்களுக்குச் சர்நேம் என்பதே மும்பை கொடுத்ததுதான். பள்ளியிலும் வேலை இடத்திலும் தன் பெயர், அப்பா பெயர், ஆட்நாவ் (மராத்தியில் சர்நேம்) என்று மூன்று கட்டம். மராத்திக்காரர்கள் ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்துப் பழகியவர்கள், அவர்களுக்குச் சிக்கல் இல்லை. நம் ஆட்கள் அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்கள், ஒருவர் ஊரை, ஒருவர் அப்பாவை, குமாஸ்தா எழுதிக்கொண்டார். சுடலைமுத்து நெல்லைப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சர்நேம் ஆள், பெரியப்பா வீட்டுச் சர்நேம் ஊர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சேர்த்துப் படித்தால் ‘புதுக்குடி சுடலைமுத்து’, பூட்டனை ஊரில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அப்புறம், வீட்டில் யாராவது மகாராஷ்டிராவில் சாதிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அந்த ஃபைலை முதலில் கேட்டு வாங்குங்கள். எஸ்சி என்றால் 10-8-1950க்கு முன்பும், ஓபிசி என்றால் 13-10-1967க்கு முன்பும் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், அதற்காக யாரோ ஒருவர் அலைந்து பழைய காகிதமெல்லாம் சேர்த்திருப்பார். தாத்தா மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால் அங்கே ஜெனரல் ரெஜிஸ்டர் நகல் கேளுங்கள், பிறந்த ஊருக்கு அதில் தனிக் கட்டம் உண்டு. தாத்தா மும்பையில் பிறந்திருந்தால், அவருடைய அண்ணன், அக்காமார் பதிவைப் பாருங்கள். மூத்த பிள்ளைகள் பல வீடுகளில் ஊரில்தான் பிறந்தார்கள்.

பொருநைக்கரை:
சுனை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. திருச்செந்தூர் பக்கம் மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கு நடுவே சுனை, நிறையக் குடும்பங்களுக்குக் குலதெய்வம். ஆனால் அவசரப்பட வேண்டாம், ஸ்ரீவைகுண்டம் பக்கமும் ஒரு புதுக்குடி உண்டு. தாலுகா தெரியாமல் ரயில் ஏறாதீர்கள். இன்னொன்று, பழைய காகிதத்தில் திருநெல்வேலி ஜில்லா என்று இருந்தால் இப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் மட்டும் தேடக்கூடாது. தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல் பிரிந்தது. நான் சொன்ன இரண்டு புதுக்குடியும் இப்போது தூத்துக்குடி மாவட்டம்.

நம் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள் இல்லையா, அந்த வரி நோட்டைப் போல ஒரு ஆவணம் எந்த அரசு அலுவலகத்திலும் கிடைக்காது. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளைப் பெயரும் வகையறா வகையறாவாக இருக்கும், வெளியூர் போனவர்கள் பணம் அனுப்பியதும் இருக்கும். ‘பம்பாய்’ என்று பக்கத்தில் எழுதிய பெயர்களைத் தேடுங்கள். பழைய கல்யாண மொய் நோட்டும் அப்படித்தான், பெயருக்கு முன்னால் ஊர் இருக்கும்.

தாராவிப் பேத்தி:
அண்ணா, படிக்கும்போதே கை நடுங்கியது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பத்திரம் கிடைத்தது, பாதி கரையான் தின்றுவிட்டது. ‘துந்துபி வருஷம் ஐப்பசி மாதம்’ என்றும் மேலே ‘கொல்லம் 1098’ என்றும் இருக்கிறது. பதிவு முத்திரையில் ‘ஸ்ரீவைகு’ வரை படிக்க முடிகிறது. இது எந்த வருஷம்?

பழைய பத்திரம்:
1922, அக்டோபர் பிற்பாதி அல்லது நவம்பர் முற்பாதி. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், துந்துபி மட்டும் இருந்தால் 1862ஆ 1922ஆ என்று குழம்பியிருப்போம். நெல்லைப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் போடுவார்கள், ஐப்பசிக்கு அதோடு 824 கூட்டினால் போதும். வருவாய்த்துறைக் காகிதத்தில் பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும், அது ஜூலையில் தொடங்கும், பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் வருஷம் வரும்.

பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இருக்கும், அதிலேயே ஒரு தலைமுறை மேலே போய்விடலாம். அதைவிட முக்கியம் பெருநான்கெல்லை. கிழக்கே இன்னார் நிலம், தெற்கே இன்னார் நிலம் என்று வருகிற பெயர்கள் பெரும்பாலும் பங்காளிகள்தான், பாகம் பிரிந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து நிலத்தில்தானே இருப்பார்கள். அந்தப் பெயர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் இருப்பதால் சுடலைமுத்து ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும், இரண்டு பேரை ஒருவராகச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பழைய பத்திரத்துக்கு வில்லங்கம் ஆன்லைனில் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். 1 புத்தகம், வால்யூம், பக்கம், பதிவு எண் இதில் எது தப்பியிருந்தாலும் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப் போட்டு நகல் கேளுங்கள். கரையான் தின்ற பாதி அங்கே முழுசாக இருக்க வாய்ப்பு உண்டு.

தாராவிப் பேத்தி:
சுனை திருச்செந்தூர் பக்கம், முத்திரை ஸ்ரீவைகுண்டம். அப்படியென்றால் எதை நம்புவது?

பொருநைக்கரை:
இரண்டையும் நம்பலாம். குலதெய்வம் குடியிருக்கிற ஊரிலேயே இருக்க வேண்டும் என்று இல்லை, நம் பக்கம் பாதிப்பேருக்குச் சாஸ்தா, அதாவது குலதெய்வமான அய்யனார், இன்னொரு ஊரில்தான். பத்திரம் ஊரைச் சொல்லும், அய்யனார் வகையறாவைச் சொல்வார். பங்குனி உத்திரத்துக்குப் போங்கள், அன்றைக்குத்தான் எந்த ஊரில் பிழைக்கிறவர்களும் சாஸ்தாவைத் தேடி வருவார்கள். பத்திரத்தின் நான்கெல்லையில் இருக்கிற பெயர்களை வைத்துக்கொண்டு, ஸ்ரீவைகுண்டம் புதுக்குடியிலிருந்து வந்திருப்பவர்கள் எங்கே பொங்கல் வைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள், பேச்சிலேயே வயசாளிகள் உறவுமுறை பிடித்துவிடுவார்கள்.