250 கிராம் மைதா எத்தனை கப்? அவசரம்

வெண்ணெய்த்தாள்: வணக்கம். கேக் குறிப்பில் மைதா 250 கிராம், சர்க்கரை 180, வெண்ணெய் 150, பேக்கிங் பவுடர் 8 என்று இருக்கிறது. சமையலறைத் தராசு திடீரென்று வேலை செய்யவில்லை. மாலைக்குள் கேக் தயாராக வேண்டும். கப், கரண்டிக் கணக்கில் மாற்றிச் சொல்லுங்கள்.

சாம்பல்பூசணி: எந்தக் கப் என்று சொல்லவில்லையே? நம் கடைகளில் 240 மில்லி, 250 மில்லி இரண்டும் கிடைக்கின்றன. வாங்கி வந்தது ஜப்பானியக் கப் என்றால் 200 மில்லிதான் பிடிக்கும். கைப்பிடியிலோ அடியிலோ பொறித்திருக்கும். பொறிக்கப்படாமல் இருந்தால் அரை லிட்டர் பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிப் பாருங்கள். சரியாக இரண்டு கப் நிறைந்தால் அது 250.

மூத்த_அடுமனையாளர்: இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படிக்கத்தான் எவருக்கும் பொறுமை இல்லை. கிராம் என்பது எடை, கப் என்பது கொள்ளளவு. பொருளுக்குப் பொருள் அடர்த்தி மாறும்போது ஒரே விடையை எதிர்பார்ப்பது அறியாமை. சிறு தராசுகள் பலவற்றில் இருப்பது சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரி. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

மிளகுத்தூள்: ஐயா, மாலைக்குள் கேக் வேண்டும் என்கிறார். சகோதரி, சர்க்கரை பரலாகவா, பொடித்ததா? பரல் என்றால் 240 மில்லி கப்புக்கு 200 கிராம். பொடித்தது என்றால் 120 கிராம் அளவுக்குத்தான் கொள்ளும்.

வாணலி: தராசும் வேண்டாம், கப்பும் வேண்டாம். வெண்ணெய் 100 கிராம் கட்டியாக வருகிறது. ஒன்றரைக் கட்டி எடுத்தால் 150. மைதா அரைக் கிலோ பாக்கெட்டை ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களில் சம உயரத்துக்குப் பிரித்தால் ஒரு பங்கு 250. கப்பில்தான் அளப்பேன் என்றால், 240 மில்லி கப்பில் மைதா இரண்டு கப், பரல் சர்க்கரை ஒரு கப்புக்கு ஒன்றரை மேசைக்கரண்டி குறைவு, வெண்ணெய் மூன்றில் இரண்டு கப், பேக்கிங் பவுடர் தலைதட்டி இரண்டு தேக்கரண்டி. கப் 250 மில்லியாக இருந்தால் மைதாவில் ஒரு மேசைக்கரண்டியைக் குறைத்துவிடுங்கள்.

பன்_பிரியன்: மைதாவைச் சலித்த பிறகுதான் கப்பில் அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

மிளகுத்தூள்: அது குறிப்பைப் பொறுத்தது. ‘சலித்த மைதா ஒரு கப்’ என்றால் முதலில் சலிக்க வேண்டும். ‘மைதா ஒரு கப், சலித்துக்கொள்ளவும்’ என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். இங்கே குறிப்பு கிராமில் இருக்கிறது, ஆகவே சலிப்பது எடையை மாற்றப்போவதில்லை.

பன்_பிரியன்: எடை மாறாது, சரி. ஆனால் அவர் அளக்கப்போவது கப்பில் அல்லவா? சலித்த மாவு காற்றேறிப் பொங்கி நிற்கும், அதே இரண்டு கப்பில் 250 கிராம் வராது.

வாணலி: அதனால்தான் சலிக்காமல், கரண்டியால் தளர்வாக அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும்; ஒரு கப்புக்கு 125 கிராம் என்ற கணக்கு அந்த முறைக்கு உரியது. கப்பையே மாவுக்குள் முக்கி அள்ளினால் 140-ஐத் தாண்டும், கேக் வறண்டுபோகும்.

மூத்த_அடுமனையாளர்: இத்தனை வாதத்துக்குள் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். தவிர, அமெரிக்க வீடுகளில் கப் வழக்கம் வேரூன்றியதில் பெரும்பங்கு சமையல் நூலாசிரியர் ஃபேனி ஃபார்மருக்கு உண்டு. 1896-லேயே அவர் தலைதட்டி அளக்கும்படி வற்புறுத்தினார். நாம் இன்னும் குவித்து அளந்துகொண்டிருக்கிறோம்.

வெண்ணெய்த்தாள்: அனைவருக்கும் நன்றி. கப் 250 மில்லி. வெண்ணெய்க் கட்டி யோசனை உதவியது. சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்து, கேக்கை ஓவனில் வைத்துவிட்டேன்.

மிளகுத்தூள்: அளந்தது பொடிப்பதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் 180-க்கு அருகில் வந்திருக்கும். பொடித்த பின் என்றால் 120-ஐக்கூட எட்டியிருக்காது, ஆகவே இனிப்பு மட்டுமல்ல, ஈரப்பதமும் நிறமும் குறையும். மேலே பூசும் கிரீமில் இனிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.