பி.எஸ்.என்.எல். ஃபைபரில் சிவப்பு விளக்கு, நெட் வரவில்லை, என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஃபைபர் வயர் வீட்டில் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியில் (மோடம்) எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். பிளான், பாஸ்வேர்டு எதையும் நோண்ட வேண்டாம். பெட்டியில் செருகியிருக்கும் பச்சை கனெக்டர் பாதி வெளியே வந்திருக்கிறதா பாருங்கள். 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பிறகு வயரைத் தடவிக்கொண்டே வாசல்வரை போங்கள். கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், மீதி வயரை யாராவது இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கலாம். டீ டம்ளரின் வாயைவிடச் சிறிய வளையம் கூடாது. வளைவில் ஒளி கசிந்துவிடும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

—

சிவப்பு எரியாமலே நெட் அடிக்கடி அறுந்தால் ஒளியின் அளவைப் பாருங்கள். பல ஓ.என்.டி.களில், பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டால் திறக்கும் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) வரை நல்ல நிலை. மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று போனால் லைன் நிலைக்காது. 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிறது, அதனால் மைனஸ் 20க்கும் மைனஸ் 26க்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை, 26இல் கால்பங்கு ஒளிதான் வருகிறது. தெருவில் ஒரு வயரின் ஒளியை எட்டாகப் பிரிக்கும் 1க்கு 8 ஸ்ப்ளிட்டர் ஒன்றே 10 டிபிக்கு மேல் தின்றுவிடும். அதோடு வயரில் ஒரு மோசமான ஒட்டு சேர்ந்தால் போதும், லைன் கெட்டுவிடும். பச்சை கனெக்டரையும் நீல கனெக்டரையும் இணைக்காதீர்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலத்தோடு முகம் பொருந்தாது.

—

"ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சொல்லாதீர்கள். பெட்டியின் ஊசித் துளையில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்தினால் நெட் இணைவதற்கான விலான் எண் (VLAN), பிபிபிஓஇ கணக்கு (PPPoE), லேண்ட்லைன் போனுக்கான எஸ்.ஐ.பி. (SIP) விவரம் எல்லாம் அழியும். எஸ்.ஐ.பி. பாஸ்வேர்டு வாடிக்கையாளர் கையில் இருப்பதில்லை. நெட்டை நீங்களே மீட்டாலும் போன் ஊமையாகவே இருக்கும். சுவிட்சை அணைத்து 2 நிமிடம் விட்டுப் போடுங்கள், அது போதும்.

—

போன் என்றதும் இன்னொன்று. செம்புக் கம்பி இருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் ஓ.என்.டி. அணைந்தால் போனும் அணையும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கட்டாயம் வையுங்கள். அடாப்டரில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

—

வேகம் குறைவு என்று புகார் கொடுக்குமுன் வைஃபையில் இல்லாமல், பெட்டியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் லேன் வயரில் சோதியுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானில் சரியாக 94, 95இல் நின்றால் லைனில் குறை இல்லை. போர்ட்டோ வயரோ 100க்கு மேல் தராதது.

—

புகாரில் "நெட் வரல" என்று மட்டும் எழுதாமல் எந்த விளக்கு, என்ன நிறம், எத்தனை டிபிஎம் என்று எழுதுங்கள். பல இடங்களில் வீட்டுக்கு வரும் கடைசி வயர் பி.எஸ்.என்.எல்.லோடு ஒப்பந்தம் போட்ட உள்ளூர் பங்குதாரருடையது. ஒட்டுப்போடும் மெஷினை எடுத்துவர வேண்டுமா என்பது அவருக்கு அதில்தான் தெரியும். புகாருக்குத் தரும் டாக்கெட் எண்ணைக் குறித்துவையுங்கள். தீர்வு சரியில்லையென்றால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.